தொண்டைக்கு ஏறிய வயிற்றுச் சாறு

விளமீனுக்கு விலை சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

மேலப்பாளையம் சந்தையில் காலை ஏழு மணி. எதிரே பையோடு நின்றவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி முயன்றேன். கிழிந்த சாக்கைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். பக்கத்துக் கடை பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, கோயில் மைக்க முழுங்கிட்டியா?"

நானும் சிரித்தேன். சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் பெயர் லூர்தம்மாள். வயது அறுபத்தெட்டு. பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். இருப்பது பாளையங்கோட்டையில், மகன் வீட்டில். மீன் விற்க ஆரம்பித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டுவேன். இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். நான் சொல்லாத வார்த்தை ஏதும் இருந்தால் அடித்துவிடச் சொல்வேன்.

என் குரலுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள்கூடச் சட்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். மீன் எல்லாருடைய கூடையிலும் ஒரே கடல் மீன்தான். முதலில் யாரிடம் வருகிறார்கள் என்பதைக் குரல்தான் தீர்மானிக்கும். அந்தக் குரல் போனால் நான் யார் என்ற கேள்வி அன்று காலையில் வந்து உட்கார்ந்தது. அது எழுந்து போகப் பல மாதம் ஆயிற்று.

குரல் ஒரே நாளில் போகவில்லை. அதற்கு எட்டு மாதம் முன்பே தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மீன்முள் என்று நினைத்து வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன். போகவில்லை. காலையில் எழுந்ததும் செருமல். பேசப் பேசக் குரல் கம்மும். நெஞ்செரிச்சல் கிடையாது, புளித்த ஏப்பம் கிடையாது. அதனால் வயிற்றின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சளி என்றுதான் முடிவுகட்டினேன். சளியைப் புளிப்பு அறுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையில் முதல் வேலையாக எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டு நக்குவேன். பிறகு நன்றாகப் புளித்த நீத்தண்ணி (பழைய சோற்றுத் தண்ணீர்) ஒரு செம்பு. சாயங்காலம் புளியைக் கரைத்துச் சூடாக்கிக் கொப்பளிப்பேன். கொப்பளித்ததும் கொஞ்ச நேரம் தொண்டை திறந்ததுபோல இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி எட்டு மாதம் ஏமாந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது குரல் கம்மி மூன்று வாரம் தாண்டியிருந்தால், கை வைத்தியத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காட்டுங்கள். நான் எட்டு மாதம் வைத்திருந்தது வீம்பு. வேறொன்றுமில்லை.

ஸ்டெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். "யத்தே, நீங்க வாறியளா, இல்ல ஆட்டோக்காரர விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவள் அதிர்ந்து பேசாதவள். அப்படிப்பட்டவள் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவின் வராந்தாவில் நீள பெஞ்சு. எனக்குப் பக்கத்தில் ஒருவர் துண்டால் கழுத்தை மறைத்திருந்தார். துண்டு விலகியபோது கழுத்தில் துளையும் அதில் ஒரு குழாயும் தெரிந்தன. நான் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவள், முப்பது வருடப் பழக்கம். மடியில் அப்போதும் பொட்டலம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த கையை உடனே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப்பெண். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார் (நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும், உள்நோக்கி என்கிறார்கள்). வலி இல்லை, கூச்சம்தான். பக்கத்தில் இருந்த டிவியில் என் தொண்டை தெரிந்தது. செவுள் போலச் சிவந்து வீங்கியிருந்தது. நல்ல மீனுக்குச் செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். தொண்டை அப்படி இருக்கக் கூடாதாம். குரல்நாண் (பேசும்போது அதிர்கிற இரண்டு மடிப்புகள்) ஒன்றில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

டாக்டர் அந்தத் திட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சி, நெஞ்சு எரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரங் கழிச்சுப் படுப்பிய?"

"கையக் கழுவுனதும்," என்றேன், இருந்த காற்றைக் கொண்டு. "வெள்ளென எந்திரிக்கணும்லா. மீன் வண்டி நமக்காவ நிக்காது."

உண்மை அதுதான். எங்கள் தொழிலில் ராத்திரிச் சாப்பாடுதான் சாப்பாடு. பகலில் நின்றுகொண்டே எதையாவது வாயில் போடுவோம். ஒன்பதரைக்கு வயிறு முட்டச் சோறும் மீன்குழம்பும் தின்று, அப்படியே பாயில் சரிவோம். விடியும் முன்பு எழ வேண்டும்.

"இடுப்புல ஏன் இவ்வளவு இறுக்கம்?"

சேலைக்கு மேல் கயிறு கட்டி, அதில் பணப்பை செருகியிருந்தேன். கூடை தூக்குகிறவர்கள் இடுப்பை இறுக்கிக் கட்டாவிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். இதுவும் பல வருடப் பழக்கம். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"வீட்டுல என்ன வைத்தியம் பாத்திய?"

எலுமிச்சம்பழம், நீத்தண்ணி, புளிக்கொப்பளிப்பு என்று விரல்விட்டுச் சொன்னேன். நன்றாகத்தான் செய்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆச்சி, ஆச்சி," என்றார். "நீங்க அதுக்குச் சாப்பாடுல்லா போட்டுருக்கிய!"

எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் பெப்சின் என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டேன் (இரைப்பையில் சுரக்கும் நொதி, மீன், கறி, முட்டை, பருப்பு இவற்றில் இருக்கிற புரதத்தை அறுத்துச் செரிக்க வைக்கிற சாறு).

"நீங்க தின்ன மீனக் கூழாக்கித் தாறது அதுதான். ஆனா சும்மா வேலை செய்யாது. அதுக்குப் புளிப்பு வேணும். வயித்துல அமிலம் இருக்கு, அங்கன நல்லா வேலை செய்யும். வயித்துச் சுவருக்கு வழுவழுன்னு ஒரு பூச்சு உண்டு, அதனால வயிறு தப்பிச்சுக்கிடும். தொண்டைக்கு அந்த மாதிரிப் பூச்சு கிடையாது."

"தொண்டைக்கு அது எப்படிம்மா வந்துச்சு?"

"வயிறு நிறையத் தின்னுட்டு, இடுப்பையும் இறுக்கிக்கிட்டுப் படுத்தா அந்தச் சாறு பையப் பைய மேல ஏறி வரும். வந்து தொண்டையில ஒட்டிக்கிட்டுத் தூங்கும். புளிப்பு இல்லன்னா தூங்கும், அவ்வளவுதான், சாகாது. காலையில நீங்க எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விட்டிய. அது முழிச்சுக்கிட்டுது. நீத்தண்ணி விட்டிய. அது பாட்டுக்கு வேலையப் பாத்துருக்கு. அதுக்கு உங்க சதையும் மீன் சதையும் ஒண்ணுதான்."

டிவியில் நின்ற என் தொண்டையை மறுபடி பார்த்தேன். பிறகு கேட்டேன். "சாளைக்கு வயிறு உடையுறது மாதிரியாம்மா?"

டாக்டருக்குப் புரியவில்லை. சொன்னேன். சாளை (மத்தி மீன்) நன்றாக இரை எடுத்த நேரத்தில் வலையில் விழுந்தால், ஐஸ் தாமதமானால், கொஞ்ச நேரத்தில் வயிறு இளகி உடைந்துவிடும். முதுகுச் சதை கெட்டியாக இருக்கும், கண்கூடத் தெளிவாக இருக்கும், வயிறு மட்டும் கரைந்திருக்கும். பட்டினிச் சாளைக்கு அப்படி ஆகாது. அதனால் கூடைக்கு விலை பேசும்போது இரண்டு சாளையை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். மீனை மீனே தின்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஏன் தின்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

"அதேதான் ஆச்சி," என்றார் டாக்டர். "உயிர் போனபெறகும் உள்ள இருக்குற செரிமானச் சாறு ஓயாது. நான் அஞ்சு வருசம் படிச்சத நீங்க கூடையிலயே பாத்துருக்கிய."

பயத்துக்கு நடுவிலும் அந்த வார்த்தை எனக்கு நன்றாக இருந்தது.

ஸ்டெல்லா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மீன் செரிக்காமல்தான் தொண்டையில் நிற்கிறதோ என்று மருந்துக்கடையில் நானாகக் கேட்டு வாங்கிய செரிமான டானிக். டாக்டர் அட்டையைப் படித்துச் சிரித்தேவிட்டார். அதிலும் பெப்சின் இருந்ததாம். வயிற்றில் சாறு சரியாகச் சுரக்காதவர்களுக்கும், நோயில் மெலிந்தவர்களுக்கும் இதைக் கொடுப்பது உண்டு என்றார். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்ய, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து இதே மாதிரி ஒரு சாறு எடுத்த காலமும் உண்டாம். "நல்ல வேலைக்காரன்தான் ஆச்சி. இருக்கவேண்டிய இடத்துல இருக்கணும், அவ்வளவுதான். உங்களுக்கு உள்ள இருக்கறதே போதும். இத மூடி வைங்க."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திட்டைப் பற்றிச் சொன்னார். வீக்கம் சாறினால் வந்தது. வெள்ளைத் திட்டும் அதனால் வந்திருக்கலாம். ஆனால் புகையிலை போடுகிறவர்களுக்கு அதை அப்படியே விட முடியாது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் (பயாப்ஸி என்பார்கள், சிறு துணுக்கை வெட்டிப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பது).

புற்று என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சந்தைச் சத்தம்போலக் கேட்டது.

அடுத்த வாரம் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குன்றிமணி அளவு சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுப்பு தொண்டையை இன்னும் சிரமப்படுத்துமாம்.

நான் வீட்டில் இருந்தால் பேசிவிடுவேன் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். விக்கிரமசிங்கபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சம்பந்தியின் பெயர் தங்கபுஷ்பம். அங்கே நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் அதுவரை அவ்வளவு ஒட்டுதல் இல்லை. கல்யாணத்தில் அவர்கள் பக்கத்துச் சாப்பாட்டை நான் குறை சொன்னேன். அதை அவர் மறக்கவில்லை.

போன முதல் நாளே என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, உங்க வாயக் கட்டிட்டாவளாமே. எத்தன வருசமா மாதாட்ட கேட்டேன், இப்பதான் காது கேட்டுருக்கு."

நான் முறைத்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து, விரல்களை மடக்கிக் காட்டினார். மில்லில் இயந்திரச் சத்தத்தில் பேச்சு காதில் விழாதாம். முப்பது வருடம் கையாலும் உதட்டாலும் பேசித்தான் வேலை பார்த்தார்களாம். தண்ணீர் வேண்டும், நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், வயிற்றுவலி, இன்றைக்கு என்ன குழம்பு, எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. பத்து நாளில் எனக்கு அதில் பாதியாவது வந்துவிட்டது.

சாயங்காலங்களில் ஆற்றங்கரைப் பக்கம் நடப்போம். தாமிரபரணி அங்கே மலையிலிருந்து இறங்கிய வேகத்தோடு போகும். அவர் பேச மாட்டார், கைதான் பேசும். ஒரு நாள் நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பிறகு மேலே வானத்தைக் காட்டினேன். செத்துப்போவேனா என்று கேட்டேன். அதற்கு மில்லில் கை இருந்ததோ இல்லையோ, அவருக்குப் புரிந்தது. என் முந்தானையின் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, வீடு வரை அப்படியே வந்தார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தை மேலிருந்து கீழே படித்தார். இங்கிலீசு எழுத்து தெரியாதவள் காகிதத்தைப் பார்க்க மாட்டாள், படிக்கிறவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த முகம் இளகியது.

"புற்று இல்ல ஆச்சி. நாள்பட்ட அழற்சிதான் (வீங்கிச் சிவந்து புண்ணாவது). ஆனா புகையிலைய இன்னையோட விடணும். விட்டாத்தான் அடுத்த தடவையும் இதே பதிலச் சொல்லுவேன்."

பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். அதன் பிறகு தொடவில்லை. முதல் மாதம் கை அதுவாகவே மடிக்குப் போகும், ஒன்றுமில்லாமல் திரும்பி வரும்.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அது அந்தச் சாற்றைக் கொல்லாது, அமிலம் சுரப்பதைக் குறைக்கும். "அப்பம் நான் தின்ன மீன் எப்படிம்மா செரிக்கும்?" என்று கேட்டேன். முழுதாக அணைக்கவில்லை, தணிக்கிறோம் என்றார். குடலிலும் வேறு சாறுகள் இருக்கின்றன, மாத்திரையும் சில மாதத்துக்குத்தான், பிறகு பார்த்துக் குறைத்துவிடலாம் என்றார். சாப்பாட்டுக்குப் பின் ஒரு கெட்டி மருந்து. வயிற்றில் இருப்பதன்மேல் மிதந்து, ஐஸ் பெட்டிக்கு மூடி போட்டதுபோல நிற்கும். கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல். இடுப்புக் கயிறு கூடாது. புண் ஆறும்வரை கூவக் கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும். புளி, எலுமிச்சை, தக்காளி, நீத்தண்ணி கூடாது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது.

கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சாப்பாட்டை ஆறு மணிக்கு இழுத்தோம். ஆறு மணிக்குப் பசிக்கவே பசிக்காது. பசிக்காமல் தின்றேன்.

ஒரு முறை தவறினேன். முடிவு நல்லபடி வந்த சந்தோஷத்தில் சம்பந்தி வீட்டில் சொதி வைத்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பில் கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், பிழியாவிட்டால் எங்கள் பக்கம் அதைச் சொதி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சம்பந்தி எனக்குத் தனியாகப் பிழியாமல் எடுத்து வைத்திருந்தார். நான் பிழிந்ததைத்தான் கேட்டு வாங்கி இரண்டு கரண்டி தின்றேன். நான்கு நாள் தொண்டை கரகரத்தது. சம்பந்தி, மில்லில் நூலை அறுத்துவிட்ட புதுப் பெண்ணுக்குக் காட்டும் கையை எனக்குக் காட்டினார்.

இந்த நோய்க்கு நாட்கணக்கு உதவாது, மாதக்கணக்குத்தான். மூன்றாம் மாதம் செருமல் குறைந்தது. நான்காம் மாதம் தொண்டையில் ஒட்டியிருந்தது போனது. மாத்திரையைத் தின்றும் குரல் வரவில்லையே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். வெந்த சதை ஆறிப் புதுச் சதை வர வேண்டும், அதற்கு அவசரம் தெரியாது.

அத்தனை மாதமும் நான் சந்தைக்குப் போனேன். வாய் திறக்காமல், சம்பந்தி சொல்லிக்கொடுத்த கையால் விலை காட்டினேன். எனக்கும் சேர்த்துக் கூவியது பேச்சியம்மாள்தான். சந்தைக்கு வருகிற முஸ்லிம் பெண்களை அவள் லாத்தா (அக்கா) என்றுதான் கூப்பிடுவாள்.

"விளமீனு விளமீனு! ஏ லாத்தா, எங்கிட்ட வாங்காட்டாலும் இந்த ஊமைக்கிட்ட வாங்கிட்டுப் போங்க! ஊமை பொய் சொல்லாதுல்லா!"

என் மீன் தீர்ந்த பிறகு அவள் கூடையில் பாதி கிடந்த நாட்கள் உண்டு. வாடிக்கைக்காரப் பெரியம்மா ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும், "ஒனக்காவ துஆ கேக்கேன்மா," என்று சொல்லிவிட்டுத்தான் மீனைத் தொடுவார். இவர்களுக்கெல்லாம் நான் என்ன சொல்வது? சொல்லக் குரல் இல்லாத காலத்தில்தான் சொல்ல வேண்டியது எல்லாம் சேர்ந்தது.

ஐந்தாம் மாதம் டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். வெளுத்த ரோஜா நிறத்தில் இருந்தது தொண்டை. "பேசுங்க ஆச்சி. கத்தாதிய. பழைய சத்தம் முழுசா வராது, அத இப்பமே சொல்லிருதேன்."

மறுநாள் சந்தையில் பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் தலைச்சும்மாட்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டுல்லா? ஓம் மீன இனி நீயே கூவு. எனக்குத் தொண்ட வத்திப்போச்சு."

கூவினேன். என் வாயிலிருந்து யாரோ ஒரு அடக்கமான பெண்ணின் குரல் வந்தது. பேச்சி அண்ணாந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. மூன்று தெரு தள்ளி அந்தக் குரல் போயிருக்காது. எதிர்வரிசைக்குப் போயிருந்தால் அதிகம். விலை கேட்டவர் ஒருவர், "என்ன சொல்லுதிய?" என்று குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் யாரும் என் கூடைக்கு அவ்வளவு கிட்டே குனிந்ததில்லை. குனிந்தவர் மீனைத் தொட்டுப் பார்த்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொன்னார். நானும் மெல்லப் பதில் சொன்னேன்.

முன்பெல்லாம் எனக்கு ஒன்பது மணிக்குக் கூடை காலியாகும். இப்போது பத்தரை ஆகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருகிறேன். உள்ளே ஒன்று, நான் ஏவாமலே, தின்ற மீனை அறுத்துக்கொண்டிருக்கிறது. அது முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.